எங்கள் ஆச்சியின் பெயர் சோபியா: இந்தக் கிரேக்கப் பெயர் வந்த வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பனங்காடு
திங்கள், இரவு 9:42

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த மாதம் ஞானஸ்நானம். எங்கள் ஆச்சியின், அதாவது அப்பாவைப் பெற்றவளின் பெயர் சோபியா. அதையே குழந்தைக்கு வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தம்பி மனைவிக்கு முழு மனம் இல்லை. “அது ரோபோ பேரு மதினி, சவுதியில குடியுரிமை எல்லாம் குடுத்தாங்களே, எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க” என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கு வேறொரு உறுத்தல். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஏழாவது படிக்கும்போது ஒரு பத்திர வேலைக்காக அவளோடு போயிருந்தேன். பெருவிரல் ரேகை சரியாகப் பதியவில்லை என்று மூன்று முறை மை தடவி வைக்கச் சொன்னார்கள். அங்கே இருந்த ஒருவர், “சோபியான்னா அறிவுன்னு அர்த்தம். பேர் வச்சவங்களைச் சொல்லணும்” என்று சிரித்தார். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். வீடு வந்து சேரும்வரை துடைத்தாள்.

அந்தப் பெயரை யார் சொன்னாலும் எனக்கு அந்த மைதான் ஞாபகம் வருகிறது. குழந்தைக்கு வைக்கும் முன் பெயரைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசை. உண்மையிலேயே அறிவு என்றுதான் பொருளா? கிரேக்கச் சொல் எப்படி உலகம் முழுக்கப் பெண்களின் பெயர் ஆனது? இப்போது ஏன் எங்கே பார்த்தாலும் சோபியா?

பழைய_ஏடு
திங்கள், இரவு 10:30

சகோதரி, இறையியல் படிப்பில் 2 வருடம் கிரேக்கம் படித்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். சொல் கிரேக்கம்தான், சந்தேகமே இல்லை. ‘ஸொஃபியா’ என்பது பொதுப் பெயர்ச்சொல். அறிவு என்பதைவிட ஞானம் என்பதே நெருக்கம். ‘ஃபிலொஸொஃபியா’, நாம் பிலாசபி என்று சொல்வது, ஞானத்தின் மேல் உள்ள பற்று.

கிரேக்கத்தில் பொருள்களுக்கும் பண்புகளுக்கும் இலக்கணப் பால் உண்டு. பண்புப் பெயர்களில் பெரும்பாலானவை பெண்பால். சமாதானம் ‘எய்ரேனே’, அதிலிருந்து ஐரீன். விடுதலை ‘எலெஃப்தெரியா’, அது இன்றும் கிரேக்கப் பெண்களின் பெயர். எபிரேயத்தில் ஞானத்துக்கு உள்ள ‘ஹொக்மா’ என்ற சொல்லும் பெண்பால்தான். பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகளில் ஞானம் ஒரு பெண்ணாகவே வந்து தன் வீட்டைக் கட்டுகிறாள், ஏழு தூண்களைச் செதுக்குகிறாள், விருந்துக்கு ஆள் அனுப்புகிறாள். அந்தப் பகுதி கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது அவள் பெயர் ஸொஃபியா ஆகிவிட்டது. அதன் பிறகு அதை ஒரு பெண்ணின் பெயராகப் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.

நம் ஊரில் ஞானம்மாள், ஞானசுந்தரி என்று வைத்தார்களே, அவர்கள் எல்லாரும் ஒரு வகையில் சோபியாக்கள்தான்.

நியூஜெர்சி_தமிழச்சி
செவ்வாய், காலை 6:15

நான் பெயர்க் கணக்கை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு வருடமும் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் போடும். 2011, 2012, 2013 மூன்று வருடமும் பெண் குழந்தைகளில் சோஃபியாதான் முதல். ஒவ்வொரு வருடமும் 20 ஆயிரம் குழந்தைகளுக்கு மேல். இதில் இன்னொன்று: ஆங்கிலத்தில் ‘ph’ போட்டு எழுதும் சோஃபியா வேறு, ‘f’ போட்டு எழுதும் சோஃபியா வேறு என்று தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். இரண்டையும் கூட்டினால் இன்னும் பெரிய எண்ணிக்கை.

என் மகள் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். ஆசிரியை முதலெழுத்துச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். ரோபோ வந்தது 2016இல். அதற்கு முன்பே இந்தப் பெயர் உச்சிக்குப் போய்விட்டது. தம்பி மனைவியிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா.

என் கருத்து: இன்று இந்தப் பெயரைத் தேடி வைப்பவர்களில் பாதிப் பேர் ஒலிக்காகத்தான் வைக்கிறார்கள். இசபெல்லா, ஒலிவியா, சோஃபியா எல்லாம் ‘ஆ’வில் முடியும், நாக்கில் எளிதாக வரும், எந்த நாட்டிலும் வாயில் நுழையும். இத்தாலியிலும் பல வருடம் பெண் குழந்தைகளில் சோஃபியாதான் முதலிடம்.

வெள்ளைக்கோட்டு
செவ்வாய், காலை 11:05

ரோபோ மட்டுமில்லை, ஊர்ப் பெயரும்தான். நான் பல்கேரியாவில் மருத்துவம் படிக்கிறேன். தலைநகரம் சோஃபியா. வந்த புதிதில் டாக்சிக்காரரிடம் நான் சொன்னதைக் கேட்டு அவர் திருத்தினார்: ஊரைச் சொல்லும்போது முதல் அசையில் அழுத்தம், ‘ஸோஃபியா’. பெண்ணைச் சொல்லும்போது நடு அசையில், ‘ஸொஃபீயா’. எழுத்து ஒன்றே, அழுத்தம் வேறு.

ஊருக்குப் பழைய பெயர் செர்திகா, பிறகு ஸ்ரேதெத்ஸ். அங்கிருந்த பழைய சோஃபியா தேவாலயத்தை வைத்து 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பெயர் நிலைத்தது. நகர நாள் செப்டம்பர் 17. ஊர் நடுவில், முன்பு லெனின் சிலை நின்ற இடத்தில், கையில் ஆந்தையும் மாலையும் ஏந்திய சோஃபியா சிலை ஒன்று உயரமாக நிற்கிறது. ஆந்தை பழைய கிரேக்கத் தெய்வம் அத்தேனாவின் பறவை. அதனால் ‘இவள் புனிதையா, பழைய தெய்வமா’ என்று ஊர்க்காரர்களுக்குள் பேச்சு உண்டு.

வெயில்_நேரம்
செவ்வாய், மதியம் 1:20

சோபனா, சோபிதா எல்லாம் இதே வேர்தானே? சோபை என்றால் அழகு, ஒளி. சோபியா அதிலிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

பழைய_ஏடு
செவ்வாய், மதியம் 2:02

இல்லை தம்பி. சோபனா வடமொழி வேர், ஒளிர்வது என்ற பொருள். ஒலி ஒத்திருப்பது தற்செயல்தான். காதுக்கு இரண்டும் அக்காள் தங்கை போல இருப்பதால் நம் பக்கம் இந்தப் பெயர் அந்நியமாகப் படவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

முத்துக்குளி
செவ்வாய், இரவு 8:47

எங்கள் பக்கம் சஃபியா என்ற பெயர் உண்டு. என் அத்தை பெயரே அதுதான். பலர் சோபியாவும் அதுவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வேறு வேறு. சஃபிய்யா அரபுச் சொல், தூய்மையான, தேர்ந்தெடுக்கப்பட்ட என்ற பொருள். நபிகளாரின் துணைவியருள் ஒருவரின் பெயர். இப்போது வெளிநாட்டில் வாழும் முஸ்லிம் குடும்பங்கள் சிலர் சோஃபியா என்று வைப்பதற்கு இந்த ஒலி ஒற்றுமையும் காரணம். வீட்டிலும் பொருந்தும், வெளியிலும் பொருந்தும்.

ஒரு சுவையான செய்தி. சூஃபி என்ற சொல் கம்பளியைக் குறிக்கும் ‘ஸூஃப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆனால் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி அதைக் கிரேக்க ஸொஃபியாவோடு சேர்த்துச் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முன்பே இந்தச் சொல் அவ்வளவு தூரம் தெரிந்திருக்கிறது.

நெய்தல்
புதன், காலை 5:50

கப்பலில் இருந்து எழுதுகிறேன், நெட் கிடைக்கும்போதுதான் வர முடியும். எங்கள் கப்பல் கிரேக்கக் கம்பெனியுடையது. முந்தைய ஒப்பந்தத்தில் கேப்டன் ஹியோஸ் தீவுக்காரர். ஒரு செப்டம்பர் 17, சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரத்தில் கிடந்தோம். காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தார். பிறந்த நாளா என்று கேட்டேன். “இல்லை, பெயர் நாள். இன்று என் அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்து” என்றார். இரண்டு பேரும் சோஃபியா.

அங்கே புனிதர்களின் நாளில் அந்தப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் கொண்டாடுவார்களாம். பிறந்த நாளைவிட அதற்கு மரியாதை அதிகம். ‘க்ரோன்யா போலா’, பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்த வேண்டும். நானும் சொன்னேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டை விட்டு 5 மாதம் ஆகியிருந்தது.

பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயர் வைப்பது அங்கே எழுதாத சட்டம். நம் ‘பேரன்’ என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். பெயர்த்திதான் பேத்தி. அதைக் கேப்டனிடம் சொன்னபோது, “உங்கள் மொழியில் அதற்குச் சொல்லே இருக்கிறதா?” என்று இரண்டு முறை கேட்டார். உங்கள் அப்பா கேட்பது கிரேக்கர்கள் காதில் விழுந்தால் மிக இயல்பான ஆசை அக்கா.

பனங்காடு
புதன், காலை 9:15

தம்பி, பத்திரமாக இருங்கள். பேத்தி என்பது பெயர்த்தி என்று அப்பாவிடம் சொன்னேன். மனுஷர் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 17 என்கிறீர்கள். அப்படியானால் சோபியா என்று ஒரு புனிதை உண்மையாகவே இருந்தாரா? இஸ்தான்புல்லில் உள்ள ஹாகியா சோஃபியா அவர் பெயரில் கட்டியதா?

பழைய_ஏடு
புதன், மதியம் 12:40

இது நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம். ஹாகியா சோஃபியா எந்தப் புனிதையின் பெயரிலும் கட்டியது இல்லை. ‘ஹாகியா’ என்றால் தூய, ‘ஸொஃபியா’ ஞானம். தூய ஞானத்தின் ஆலயம். கிறிஸ்துவைக் ‘கடவுளின் ஞானம்’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார்; ஆலயத்தின் பெயர் அந்த வழியில் வந்தது. அதே இடத்தில் முன்பிருந்த கோயில் 532இல் நடந்த நிகா கலவரத்தில் எரிந்தது. சக்கரவர்த்தி ஜஸ்டினியன் இப்போது நிற்கும் கட்டடத்தை 537 டிசம்பரில் திறந்தார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் ஜஸ்டினின் மனைவி பெயர் சோஃபியா. ஆக, அந்தக் காலத்திலேயே அரண்மனையில் பெண் பெயராகப் புழங்கியிருக்கிறது.

புனித சோஃபியாவின் கதை வேறு. ரோமில் சக்கரவர்த்தி ஹாட்ரியன் காலத்தில் வாழ்ந்த கைம்பெண் என்பது மரபு. மூன்று மகள்கள்: பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே. விசுவாசம், நம்பிக்கை, அன்பு. மூத்தவளுக்கு 12 வயது, அடுத்தவளுக்கு 10, கடைசிக்கு 9. மூவரையும் தாயின் கண்ணெதிரே வதைத்துக் கொன்றார்கள். அவள் மூன்று உடல்களையும் அடக்கம் செய்துவிட்டு, அந்தக் குழியருகே மூன்று நாள் உட்கார்ந்திருந்து இறந்தாள் என்று சொல்வார்கள்.

பெயர்களைப் பார்த்தால் உருவகக் கதை என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்கள் பலருடைய முடிவும் அதுதான். ஞானம் தாய்; விசுவாசம், நம்பிக்கை, அன்பு அவள் பெற்றவை. ஆனால் நூற்றாண்டுகளாகப் பிள்ளையை இழந்த தாய்மார்கள் அந்தக் கதையில் ஒரு தாயைத்தான் பார்த்திருக்கிறார்கள். ரஷ்யர்கள் மகள்களின் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்: வேரா, நதேஷ்தா, லுபோவ். மூன்றும் இன்றும் சாதாரணப் பெயர்கள். தாயின் பெயரை மட்டும் மாற்றாமல் கிரேக்கமாகவே விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும்.

கொலோன்_வாசி
புதன், மாலை 4:33

ஜெர்மனியில் இன்னொரு சோஃபியும் இருக்கிறா. மே 15ஆம் திகதி, ‘குளிர் சோஃபி’ என்று பெயர். மே நடுவில் வரிசையாக ஐந்து நாள் ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள். கடைசி நாள் சோஃபியுடையது. அவ போகும்வரைக்கும் தோட்டத்தில் தக்காளிக் கன்று நடக்கூடாது என்பது இஞ்சத்தைய பழக்கம். நாங்கள் வந்த முதல் வருடம் ஏப்ரல் வெயிலைக் கண்டு கத்தரியும் மிளகாயும் நட்டுப்போட்டம். மே 12 இரவு உறைபனி, விடிய எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் சொன்னா, “சோஃபி வரட்டும் என்று பார்த்திருக்கலாமே.” இது மேலே சொன்ன மூன்று பிள்ளைகளின் தாய் இல்லை, ரோமாபுரியின் வேறொரு சோஃபியா என்றுதான் சொல்லுவினம்.

கல்வெட்டு
புதன், இரவு 9:58

நியூஜெர்சி_தமிழச்சி எழுதியது: “பாதிப் பேர் ஒலிக்காகத்தான் வைக்கிறார்கள்”

இங்கே நான் மாறுபடுகிறேன் சகோதரி. 2011க்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஒலி மேற்கு ஐரோப்பாவின் காதில் ஏறியதே அரண்மனைகள் வழியாகத்தான்.

கான்ஸ்டான்டினோப்பிள், அதாவது இன்றைய இஸ்தான்புல், துருக்கியரிடம் விழுந்த பிறகு, கிழக்கு ரோமப் பேரரசின் கடைசிச் சக்கரவர்த்தியின் தம்பி மகள் ஒருத்தி ரோமில் வளர்ந்தாள். பெயர் ஸோயி. 1472இல் மாஸ்கோவின் மூன்றாம் இவானுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ரஷ்யாவில் அவள் பெயர் சோஃபியா. இவான் த டெரிபிள் அவளுடைய பேரன். பிறகு ஜெர்மானியச் சிற்றரசுகளில் இந்தப் பெயர் பெருகியது, சோஃபி சார்லோட், சோஃபி டோரதேயா என்று இரட்டைப் பெயர்களாக. அதில் ஒருத்தி ஹனோவரின் சோஃபியா. 1701இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டப்படி, ராணி ஆனுக்கு வாரிசு இல்லாவிட்டால் அரியணை இவளுக்கும் இவள் சந்ததிக்கும். 1714 ஜூனில் இவள் இறந்தாள், ஆகஸ்டில் ஆன் இறந்தாள். சில வாரத்தில் தவறிப்போனது, மகன் முதலாம் ஜார்ஜ் ஆனான். இன்றைக்கும் பிரிட்டிஷ் அரியணை ஏறுகிறவர் அந்தச் சோஃபியாவின் வழித்தோன்றலாக இருக்க வேண்டும். அங்கிருந்துதான் இங்கிலாந்தில் பெயர் பரவியது.

எதிர்த் திசையிலும் ஒரு கதை உண்டு. ரஷ்யாவின் மகா கேதரின் பிறந்தபோது அவள் பெயர் சோஃபி. 1744இல் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தபோது அந்தப் பெயரைக் கழற்றிவைத்து யெகதெரீனா ஆனாள். ஒருத்தி வந்து சோஃபியா ஆகிறாள், இன்னொருத்தி வந்து சோஃபியாவை விடுகிறாள், இரண்டும் ரஷ்யாவில்.

நியூஜெர்சி_தமிழச்சி
புதன், இரவு 11:20

சரி, அரண்மனை வழி வந்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் அரண்மனைப் பெயர்கள் எத்தனையோ அப்படியே செத்துவிட்டன. கரோலைனும் வில்ஹெல்மினாவும் எங்கே? நிலைத்து நின்றதற்கு ஒலியும் வேண்டும். இன்னொன்று, சோனியா என்பதும் சோஃபியாவின் ரஷ்யச் செல்லப் பெயர்தான். நம் நாட்டில் எத்தனை சோனியாக்கள், அவர்களில் எத்தனை பேருக்கு அது ஞானம் என்று தெரியும்?

கல்வெட்டு
வியாழன், காலை 7:10

சோனியா நல்ல எடுத்துக்காட்டு. கணிதத்தில் பேராசிரியை ஆன சோஃபியா கொவலேவ்ஸ்கயாவையும் சோன்யா என்றுதான் கூப்பிட்டார்கள். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலத்தில் 1874இல் முனைவர் பட்டம் வாங்கியவர்.

அரண்மனை என்று சொல்லிவிட்டதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோஃபியா துலீப் சிங், 1876இல் பிறந்தவர். விக்டோரியா ராணியின் ஞானமகள். அப்படிப்பட்டவர் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் நின்றார். ஓட்டு இல்லாவிட்டால் வரியும் இல்லை என்று வரி கட்ட மறுத்தார். அரண்மனை வாசலில் போராட்டப் பத்திரிகை விற்றார். அவருடைய தாயின் தாய் அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியாவிலிருந்து, அடிமையாக வந்த பெண், பெயர் சோஃபியா. பாட்டி பெயர்தான் பேத்திக்கு வந்திருக்கிறது. இளவரசிப் பெயர் என்று நான் எழுதினேன். அந்த வீட்டில் அது அடிமைப் பெண்ணின் பெயர்.

பனங்காடு
வியாழன், காலை 10:25

இதைத் தம்பி மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். “ரோபோவை மறந்துட்டேன் மதினி” என்றாள்.

ஒரு சின்னக் கேள்வி பாக்கி. சோபியாவா, சோஃபியாவா? பதிவில் எப்படி எழுதுவது? ‘ப’ போட்டால் தப்பு என்று உறவில் ஒருவர் சொல்கிறார்.

பழைய_ஏடு
வியாழன், இரவு 10:05

தப்பே இல்லை. கிரேக்கத்தின் அந்த எழுத்து பிற்காலத்தில்தான் ‘ஃப’ ஆனது. பழங்காலத்தில் அது மூச்சோடு சேர்த்துச் சொல்லும் ‘ப’. ப்ளேட்டோ காதில் விழுந்தது ‘ஸொப்ஹியா’ போலத்தான் இருந்திருக்கும்.

சகோதரி, உங்கள் முதல் பதிவு மூன்று நாளாக மனதில் கிடக்கிறது. அந்தப் பத்திர வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் சொன்னாரே, அதற்குப் பதில் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை.

நான் முதலில் ஞானம் என்று எழுதினேன். அது பிற்காலப் பொருள். அந்தச் சொல் பழங்கிரேக்கக் கவி ஹோமரிடம் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, இலியட் 15ஆம் பாகத்தில். இரண்டு படையும் சமபலத்தில் நிற்கின்றன. அதற்கு உவமை சொல்கிறான்: அத்தேனா சொல்லிக்கொடுக்க, தன் தொழிலின் ‘ஸொஃபியா’ முழுவதையும் அறிந்த தச்சன் ஒருவன் கப்பல் மரத்தை நூல் பிடித்து நேராக்குவதுபோல என்று. ஞானியும் இல்லை, புத்தகமும் இல்லை. ஸொஃபியா என்றால் அங்கே கைத்திறன். ஆசாரி நூல் அடிக்கிற பக்குவம். அந்தக் காலத்தில் நல்ல தச்சன், நல்ல சிற்பி, நல்ல பாட்டுக்காரன் எல்லாரும் ‘ஸொஃபோஸ்’தான். சிந்தனையாளர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது அதற்கு அப்புறம்.

நன்னூல் பாயிரத்தில் நாம் படித்தோமே, மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சனின் நூல், அதேபோல் மனத்தின் கோணலைத் தீர்ப்பது படிக்கும் நூல் என்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். கிரேக்கத்திலும் ஒரே சொல்தான் இரண்டு வேலையும் பார்த்திருக்கிறது, கை வேலை முதலில்.

ஆச்சி என்ன வேலை செய்தார்கள்?

பனங்காடு
வெள்ளி, காலை 6:05

ஐயா, இதை நேற்று இரவே படித்துவிட்டேன். உடனே எழுத முடியவில்லை.

ஆச்சி ஓலைப்பெட்டி முடைவாள். கருப்பட்டி வைக்கும் பெட்டி, மூடி போட்ட சின்னப் பெட்டி, கல்யாண வீட்டுக்குப் பலகாரப் பெட்டி. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்தில் வகிர வேண்டும். அளவுகோல் கிடையாது. வலது பெருவிரல் நகத்தை ஓலையில் ஊன்றி ஒரு இழுப்பு, அடி முதல் நுனி வரை நூல் பிடித்த மாதிரிப் போகும். நாங்கள் செய்தால் பாதியில் கோணிக்கொண்டு கிழியும். நாற்பது ஓலையையும் அடுக்கி விளிம்பைத் தட்டினால் ஒன்றுகூடத் துருத்திக்கொண்டு நிற்காது.

அன்றைக்கு ரேகை பதியாமல் போனது அதனால்தான். ஓலை வகிர்ந்து வகிர்ந்து அந்தப் பெருவிரல் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். சின்ன வயதில் என் கன்னத்தில் அதை வைத்துத் தேய்க்கச் சொல்லிக் கேட்பேன்.

பங்குத் தந்தைக்குக் கொடுக்கும் சீட்டில் சோபியா என்று எழுதிவிட்டோம். ‘ப’ போட்டுத்தான். குழந்தையின் உடுப்பை எடுத்துப் போக ஆச்சி முடைந்த பெட்டி ஒன்று பரணில் இருக்கிறது, அப்பா அதை இறக்கி வெயிலில் வைத்திருக்கிறார்.